குஜிலியம்பாறைக்கு இனி பஸ் ஏற வேண்டாம்

இருபது ஆண்டுகளுக்கு முன் வேடசந்தூர் நூற்பாலையிலிருந்தோ குஜிலியம்பாறை அலுவலகத்திலிருந்தோ "லிங்க் போயிடுச்சு" என்று போன் வந்தால், நெட்வொர்க் பார்ப்பவர் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குத்தான் முதலில் ஓடுவார். தோள்பையில் லேப்டாப்பும் நீல நிறக் கன்சோல் கேபிளும் இருக்கும். போய்ச் சேர்ந்ததும் கேபிளை, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் செருகி, வேகத்தை 9600 என்று வைத்து, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவார். யாரோ ஒரே வயரின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சில் சொருகியிருப்பார்கள். அந்தச் சுழலில் மொத்த நெட்வொர்க்கும் திணறிப்போயிருக்கும். வேலை பத்து நிமிடம். போக வர அரை நாள்.

தொலைவிலிருந்து நுழையும் வழி அப்போதும் இருந்தது. 1983இல் தரப்படுத்தப்பட்ட டெல்நெட் அது. ஆனால் அதில் பாஸ்வேர்டு உட்பட ஒவ்வோர் எழுத்தும் மறைப்பில்லாமல் பயணிக்கும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யுலோனன், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார். டெல்நெட்டின் 23ஆம் எண் வாசலுக்குப் பக்கத்திலேயே அதற்கு 22ஆம் எண் கிடைத்தது.

இன்று அதே ஆலையின் ஸ்விட்ச்சைத் திண்டுக்கல்லில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். வயர் செருகும் எந்த போர்ட் செத்தது, எதில் பிழை குவிகிறது என்று திரை சொல்லிவிடும். கேட்டில் உள்ள கேமரா உறைந்துவிட்டால், அதற்கு மின்சாரம் தரும் போர்ட்டை நிறுத்தி மறுபடி திறந்தால் போதும். ஆபத்தான மாற்றம் செய்யும் முன், "பத்து நிமிடத்தில் நீயே மறுபடி தொடங்கு" என்று சில ஸ்விட்ச்களுக்குச் சொல்லிவைக்க முடியும். தவறான கட்டளையால் தொடர்பு அறுந்தாலும், சேமித்து வைத்த பழைய அமைப்போடு அது எழுந்துவிடும். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டத்தில் திண்டுக்கல் மாவட்டத்தின் 306 ஊராட்சிகளும் அடக்கம். ஒவ்வொரு பழுதுக்கும் ஆள் அனுப்பி இவ்வளவு பெரிய நெட்வொர்க்கைக் கட்டிக்காக்க முடியாது.

ஆனால் அந்த அரை நாள் பயணம் ஒரு காவலாகவும் இருந்தது. ஸ்விட்ச்சைத் தொட, வாட்ச்மேனையும் பதிவேட்டையும் அறைச் சாவியையும் தாண்ட வேண்டும். அந்தக் காவல் இப்போது இல்லை. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலேயே வைத்த பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு டெல்நெட் வாசல்களைத் தட்டியது. உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களும் ரௌட்டர்களும் அதன் பிடியில் விழுந்தன.

ஆகவே தொலைவிலிருந்து நுழையும் வசதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் அதற்கான ஒழுங்கையும் கேட்டு வாங்க வேண்டும். டெல்நெட் மூடப்பட வேண்டும். நிர்வாகத்துக்கெனப் பிரித்த பாதையில் மட்டுமே லாகின் திறக்க வேண்டும். எல்லோரும் "அட்மின்" என்று நுழையாமல், ஆளுக்கொரு பெயர் வேண்டும். வேலையை விட்டவரின் பெயரை அன்றே நீக்க வேண்டும். சாலை தோண்டும்போது இழை அறுந்தால் ஒட்டவைக்க, உள்ளூரில் ஓர் ஆள் எப்போதும் வேண்டும்.

நம் ஊர் ஆலை முதலாளிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் ஸ்விட்ச்சை ஒப்படைக்கிறவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.