120 யென் எப்படி 28 யென் ஆனது?

ஒரு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பங்கு ஒன்றுக்கு 120 யென் ஈவுத்தொகை வழங்கியது. அடுத்த ஆறு மாதத்திற்கு 28 யென் வழங்கியது. "அந்த நிறுவனத்தின் நிலை சரிந்துவிட்டதா?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எண்களை மட்டும் பார்க்கும் மாணவர்கள் "ஆமாம்" என்றே சொல்லக்கூடும். நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

இவை ஜப்பானின் டொயோட்டா மோட்டார் நிறுவனத்தின் எண்கள். 2021 செப்டம்பர் 30 அன்று பங்கு வைத்திருந்தவர்களுக்கு 120 யென். 2022 மார்ச் 31 அன்று வைத்திருந்தவர்களுக்கு 28 யென். இடையில், 2021 அக்டோபர் 1 அன்று, அந்நிறுவனம் ஒவ்வொரு பங்கையும் ஐந்தாகப் பிரித்தது. 100 பங்குகள் வைத்திருந்தவரிடம் 500 பங்குகள் ஆயின. முன்பு அவர் பெற்றது 100 × 120 = 12,000 யென். பின்பு பெற்றது 500 × 28 = 14,000 யென். ஆக, அவருக்குக் கிடைத்த தொகை கூடியிருக்கிறது.

நமக்குப் பழகிய உதாரணம் ஒன்று. ஒரு மாணவி காலாண்டுத் தேர்வில் 100க்கு 70 பெறுகிறாள். அடுத்த அலகுத் தேர்வில் 20க்கு 16. பட்டியலில் 70, 16 என்று மட்டும் எழுதி வீட்டுக்கு அனுப்பினால் பெற்றோர் பதறிப் போவார்கள். உண்மையில் அவள் முன்னேறியிருக்கிறாள்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

ஈவுத்தொகை என்பது நிறுவனம் தன் இலாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம். ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் இதை ஆண்டுக்கு இருமுறை வழங்குகின்றன. டோக்கியோ பங்குச் சந்தையின் டிடிநெட் தளத்தில் அறிவிப்புகள் வெளியாகின்றன. ஆண்டறிக்கைகள் அந்நாட்டு நிதிச் சேவைகள் முகமையின் எடினெட் தளத்தில் சேமிக்கப்படுகின்றன. பல நிறுவனங்களின் பத்தாண்டுத் தகவலை இவற்றிலிருந்து கையால் தொகுப்பது பெரும் வேலை. அதைச் சில நொடிகளில் முடித்துத் தருவதற்கே மென்பொருள் கருவிகள் இருக்கின்றன.

ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் குழுமம் நடத்தும் ஜே-குவான்ட்ஸ் அவற்றுள் ஒன்று. பைத்தான் மொழியில் இயங்கும் ஒய்ஃபைனான்ஸ் என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு மற்றொன்று. இது யாஹூ ஃபைனான்ஸ் தளத்திலிருந்து தரவைப் பெறுகிறது. பயன்படுத்தும் முறை எளிது. டொயோட்டாவின் பங்குக் குறியீடு 7203. அதனுடன் ஒரு புள்ளியும், டோக்கியோவைக் குறிக்கும் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்துக் கொடுத்து ஈவுத்தொகையைக் கேட்டால், தேதியும் தொகையும் கொண்ட அட்டவணை வந்துவிடும்.

ஒரே தவணை, இரண்டு எண்கள்

2021 செப்டம்பர் தவணைக்கு நிறுவனத்தின் அறிவிப்பில் இருப்பது 120. ஒய்ஃபைனான்ஸ் காட்டுவதோ 24. இரண்டும் சரியே. பழைய தொகைகளை இன்றைய பங்குடன் ஒப்பிட வசதியாக, பிரிப்புக்கு முந்தைய தொகைகள் ஐந்தால் வகுத்துத் தரப்படுகின்றன.

2021 மார்ச்: அறிவிப்பில் 135, சரிசெய்த பின் 27
2021 செப்டம்பர்: அறிவிப்பில் 120, சரிசெய்த பின் 24
2022 மார்ச்: அறிவிப்பில் 28, சரிசெய்த பின் 28

பாதித் தரவை அறிவிப்பிலிருந்தும் மீதியைக் கருவியிலிருந்தும் எடுத்து வரைபடம் வரைந்தால், நடக்காத ஒரு வீழ்ச்சி அதில் தெரியும். கருவி பிழை செய்யவில்லை. நிரலும் பிழையின்றி ஓடியிருக்கும். ஆகவே பிழைச் செய்தி எதுவும் வராது. இதுதான் இதில் உள்ள ஆபத்து.

தேதியிலும் கவனம் தேவை. கருவி காட்டும் தேதி செப்டம்பர் 30 அன்று, 29. அந்த நாள் முதல் பங்கை வாங்குபவருக்கு அத்தவணையின் ஈவுத்தொகை கிடைக்காது. மேலும், மார்ச் இறுதித் தவணையின் தொகை பெரும்பாலும் மே மாதத்தில்தான் உறுதியாகிறது. அதுவரை புழங்குவது நிறுவனத்தின் முன்கணிப்பு. ஜே-குவான்ட்ஸின் ஈவுத்தொகைத் தரவில், தொகை முன்கணிப்பா உறுதியானதா என்பதைக் குறிக்கவே தனிப் புலம் உண்டு.

வகுப்பறையில்

கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். முதலில் 135, 120, 28 ஆகிய மூன்று எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதி வரைபடம் வரையச் சொல்லுங்கள். பிறகு பங்குப் பிரிப்பைப் பற்றிச் சொல்லி மீண்டும் வரையச் செய்யுங்கள். விகிதம் கற்கும் நடுநிலை வகுப்புக்கு இதுவே போதும். பைத்தான் பயிலும் மேல்நிலை மாணவர்கள், 2021 அக்டோபர் 1க்கு முந்தைய தொகைகளை மட்டும் ஐந்தால் வகுக்கும் சிறு நிரலை எழுதலாம். பங்கு வாங்கச் சொல்லித் தருவது நம் நோக்கமன்று. எண்ணைப் படிக்கச் சொல்லித் தருவதே நோக்கம் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

முடிவில் மூன்று கேள்விகளை மாணவர்களின் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். இந்த எண் எந்த நாளுக்கு உரியது? மூலத்தில் இருந்தபடியே உள்ளதா, சரிசெய்யப்பட்டதா? உறுதியானதா, முன்கணிப்பா?

70 மதிப்பெண் என்று யாராவது சொன்னால் "எத்தனைக்கு?" என்று நாம் உடனே கேட்கிறோம். திரையில் வரும் எண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்க மாணவர்களைப் பழக்குவோம்.