நஞ்சறியும் கல்வி – 7: 96 மணி நேரச் சாட்சியம்

விஷத்தைப் பற்றிய சாஸ்திரத்தில் மாணவன் முதன்முதலாகக் கற்கும் பாடம் அளவைப் பற்றியதே என்றும், அளவே விஷத்தைத் தீர்மானிக்கிறது என்று பதினாறாம் நூற்றாண்டில் பாரசெல்சஸ் என்னும் வைத்தியர் உரைத்த அந்த விதிதான், பாதி உயிர்களைக் கொல்லும் அளவைக் குறிக்க 1927-ல் டிரெவன் வகுத்த எல்.டி.50 என்னும் கணக்குக்கும் மூலாதாரம் என்றும் சென்ற இதழ்களில் பார்த்தோம். அந்தப் பாடம் ஒரு நோயாளியை முன்னே கிடத்தி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பாடம்; நிலக்கடலைக் கொல்லையில் மருந்தடிக்கும்போது மூச்சோடு உள்ளே போன பூச்சிமருந்தால் மயங்கி விழுந்த விவசாயிக்கு அட்ரோபின் எவ்வளவு ஏற்றுவது என்பதை அது பிசகில்லாமல் சொல்லும். ஆனால் ஒரு நதி வருஷக்கணக்கில் சிறிது சிறிதாக நோயுறும்போது, அதில் வாழும் ஜீவராசிகளின் கதி என்ன என்று ஆராய அதே சாஸ்திரத்தின் வேறொரு கிளை வேண்டும். 1969-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ரெனே ட்ரூஹோ பெயர் சூட்டிய அந்தக் கிளையைத்தான் சூழல் நச்சியல் என்கிறோம்.

திருவண்ணாமலையில் பட்டப்படிப்பு படிக்கும் மாணவனுக்கு அந்தக் கிளையின் ஆய்வுக்கூடம் வெகுதூரத்தில் இல்லை. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் ஓரமாக ஓடி, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையில் தங்கி, கிருஷ்ணகிரியைக் கடந்து, 1958-ல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணையில் வந்து தேங்குகிறது தென்பெண்ணை. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் மணலூர்பேட்டைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது இந்த ஆற்றில்தான். அணையைப் பார்க்கப் போகிறவர்கள் ஏரி மீன் என்று வறுத்துத் தரச் சொல்லி இலையில் வாங்கிச் சாப்பிடுவதும் இந்த ஆற்றின் மீனைத்தான். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் பெங்களூர் நகரத்தின் கழிவுநீரில் கணிசமான பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இதே நதியில் வந்து கலப்பதையும், கெலவரப்பள்ளி மதகுகளின் கீழே சலவைத்தூள் நுரை வெண்பாளமாக எழுந்து பாலத்தையும் பாதையையும் மூடுவதையும் பத்திரிகைப் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நுரை ஓசூரிலேயே அடங்கிவிடுகிறது. அதை உண்டாக்கிய நீரோ கீழே இறங்கி வருகிறது.

நீரில் விஷம் உண்டா என்பதை நிர்ணயிக்க ஆய்வுக்கூடம் கைக்கொள்ளும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒரே வயது, ஒரே அளவுள்ள மீன்குஞ்சுகளைப் பல நாள் ஆய்வுக்கூட நீருக்குப் பழக்கி, பரீட்சைக்கு முதல்நாளே தீனியை நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றைவிட ஒன்று செறிவு கூடிய ஐந்து தொட்டிகள், விஷமே கலவாத ஒரு தொட்டி, தொட்டிக்கு ஏழு மீனுக்குக் குறையாமல். மாணவன் தினமும் வந்து பார்க்கிறான். செவுள் அசைவும் நின்றுபோய், கண்ணாடிக் குச்சியால் வாலின் அடியைத் தொட்டும் துடிப்பில்லை என்றால் மட்டுமே அந்த மீன் இறந்ததாகக் குறிப்பேட்டில் ஏறும். விஷமற்ற தொட்டியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செத்துவிட்டால் பரீட்சை முழுவதுமே செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு நாள், அதாவது 96 மணி நேரம், முடிந்தபின் பாதி மீன்களைக் கொல்லும் செறிவைக் கணக்கிட்டு எல்.சி.50 என்று எழுதுகிறார்கள்.

இந்தப் பரீட்சையை நமது சட்டமும் அங்கீகரித்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, வேறு நீர் கலக்காத தொழிற்சாலைக் கழிவுநீரில் விடப்பட்ட மீன்களில் நூற்றுக்குத் தொண்ணூறு, 96 மணி நேரத்துக்குப் பின்னும் உயிரோடிருக்க வேண்டும். வாயில்லா ஜீவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் நான்கு நாள் பிழைத்திருப்பது வேறு, முட்டையிட்டு வம்சம் தழைப்பது வேறு என்பதை மாணவனுக்கு எடுத்துச் சொல்லாத ஆசிரியர் பாதிப் பாடத்தை மட்டுமே நடத்தியவராவார்.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணமாகக் கனடாவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஒண்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளுள் ஒன்றில், கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோனை, லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம் இருக்கும்படியாக, 2001 முதல் மூன்று கோடைகாலங்களில் கேரன் கிட் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கலந்து வந்தார்கள். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. மீன்கள் அந்த நீரில் செத்து மிதக்கவில்லை. ஆனால் ஆண் மீன்களின் உடலில், முட்டையிடும் பெண்ணுக்கே உரிய மஞ்சள்கருப் புரதம் ஊறத் தொடங்கியது. இனப்பெருக்கம் தடைப்பட்டு, ஃபேட்ஹெட் மின்னோ என்னும் சிறுமீன் அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 2007-ல் அந்த முடிவு வெளியாயிற்று. இத்தகைய ஹார்மோன்கள் மாநகரங்களின் சாக்கடை நீரோடு நதிகளில் சேருவது உலகெங்கும் அறியப்பட்ட விஷயம். 96 மணி நேரப் பரீட்சையில் அவை பிடிபடுவதில்லை.

ஆகவே சாகாத மீனிடமும் கேட்டறியக் கற்க வேண்டும். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மயங்கி விழுந்த விவசாயியின் நரம்பில் எந்த நொதியைப் பூச்சிமருந்து முடக்குகிறதோ அதே அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் மீனின் மூளையிலும் இருக்கிறது. எல்மன் என்பவர் 1961-ல் வெளியிட்ட முறைப்படி, அரைத்த மூளைத்திசுவோடு ரசாயனத்தைச் சேர்த்து மஞ்சள் நிறம் ஏறும் வேகத்தை அளந்தால் அந்த நொதியின் பலம் தெரிந்துவிடும். வேதியியல் வகுப்பில் நிறமாலை ஒளிமானி இருந்தால் போதும். செவுளை மெழுகில் பதித்து மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சலவைப்பொருள் அரித்த தடயம் கண்ணுக்குப் புலப்படும்.

கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில், சாலிம் அலி பறவையியல் மையம் சூழல் நச்சியலுக்கென ஒரு பிரிவை நடத்துகிறது. லக்னோவில் 1965 முதல் இந்திய நச்சியல் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. நமது ஜில்லாவிலோ, சாத்தனூருக்குக் கீழே வாழவச்சனூரில் அரசு வேளாண் கல்லூரியே இருக்கிறது. நகரத்துக் கலைக் கல்லூரிகளில் விலங்கியலும் வேதியியலும் கற்பிக்கிறார்கள். அவற்றின் ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது: ஆண்டுதோறும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களில் இருவரை மட்டுமாவது சாத்தனூர்க் கெண்டைக்கு ஒதுக்குங்கள், கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் அதே இடத்தில், அதே முறையில் நீரும் மீனும் எடுத்து அளக்கச் சொல்லுங்கள், கிடைத்த எண்களைத் தமிழில் எழுதிக் கல்லூரி நூலகத்தில் எவரும் பார்க்கும்படி வையுங்கள். பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், மேல்மாநிலத்தோடு வழக்காடும் அரசாங்கத்துக்கும் அதுவே வலுவான ஆவணமாகும்.

அடுத்த வாரம்: பாலாறும், தோல் தொழிற்சாலைக் குரோமியமும், 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்.

(தொடரும்)