திம்புள்ளயில் சிலிப்பர் ஓர்கிட்

சிலிப்பர் ஓர்கிட் பூவின் கீழிதழ், முன்பக்கம் மூடிய செருப்பைப் போலக் குழிந்து பையாகத் தொங்கும். அந்தப் பை ஒரு பொறி. விளிம்பில் வந்து அமரும் ஈ உள்ளே வழுக்கி விழுந்தால் வந்த வழியே ஏற முடியாது. பின்புறத்து இடுக்கு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த இடுக்கில் முதலில் சூலகமுடி, அதைத் தாண்டினால் மகரந்தம். முந்திய பூவில் முதுகில் ஒட்டிய மகரந்தத்தை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டு ஈ பறந்துவிடும். இத்தனை பாட்டுக்கும் அதற்குத் துளித் தேன்கூடக் கிடைப்பதில்லை.

வீடுகளில் பெரும்பாலும் வளர்க்கப்படும் பாஃபியோபெடிலம் பேரினம் இந்தியாவிலிருந்து சொலமன் தீவுகள் வரை பரந்தது. தென்னிந்தியாவில் அகத்தியமலைப் பகுதிக்கே உரிய டிரூரியை என்ற இனம் உண்டு; இலங்கைக் காடுகளில் ஒன்றும் இல்லை. காட்டிலிருந்து வரைமுறையின்றிப் பிடுங்கி விற்றதால் பல இனங்கள் அழிவின் விளிம்புக்கு வந்தன. 1990 முதல் காட்டுச் செடிகளின் பன்னாட்டு வணிகம் தடைசெய்யப்பட்டுள்ளது. வீட்டுக்கு ஏற்றவை கலப்பினங்களே. 1869இல் இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் பூத்த ஹாரிசியானம் இவற்றுள் முதலாவது. 1900இல் வந்த மோடியே, பச்சையும் வெள்ளையுமான கோடுகளோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தேர்ந்தால் ஏமாற்றம் குறைவு.

இலையைப் பார்த்தே செடியின் தேவையைப் பெருமளவு அறியலாம். மோடியே போலப் புள்ளியும் திட்டுமான இலை உள்ளவை மிதமான வெப்பத்தில், அதிக நிழலில் பூக்கும். வெறும் பச்சை இலையும் வட்டமான பெரிய பூவும் கொண்ட கலப்பினங்கள் மேகாலயாவின் காசி மலைகளில் வளரும் இன்சிக்னே போன்ற குளிர்ப்பகுதி இனங்களின் வழிவந்தவை. இரவு வெப்பநிலை சில வாரங்களுக்கு 10 முதல் 13 பாகை வரை இறங்கினால்தான் இவற்றில் மொட்டு கட்டும். கொழும்பில் இவை இலையாகவே நிற்கும். இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான திம்புள்ளயில் சனவரி தொடங்கி மார்ச் வரை தேயிலைக்கு மணம் ஏற்றும் வறண்ட குளிரே இவற்றுக்கும் தோதானது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வீடொன்றின் கிழக்குப் பார்த்த விறாந்தை போதும்; கண்ணாடி வீடு தேவையில்லை.

குளிர் தரும் இந்த அனுகூலத்தைத் தென்மேற்குப் பருவமழை எளிதில் கெடுத்துவிடும். சிலிப்பர் ஓர்கிட்டுக்கு நீர் சேமிக்கும் குமிழ்த்தண்டு கிடையாது. ஆகவே வேர் முற்றாகக் காயக்கூடாது. அதேவேளை இலைக் குருத்தில் இரவெல்லாம் நீர் தேங்கினால் பக்டீரியா புகுந்து, குருத்து பழுப்பேறி நாற்றமெடுத்து ஓரிரு நாளில் குழையும். கண்டவுடன் அழுகலுக்கும் கீழே நல்ல பச்சை வரை வெட்டி, வெட்டுவாயைக் காயவிட வேண்டும். மே மாதத்துக்கு முன்பே ஒளி ஊடுருவும் கூரைத் தகட்டின் கீழ்ச் சட்டிகளை நகர்த்துவதும், காலையில் மட்டும் வேர்ப்பகுதிக்கு ஊற்றுவதும் எந்த மருந்தையும் விடப் பயன் தரும். கூரையில் வழியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றலாம். உப்பற்ற அந்த நீர் இவற்றின் வேருக்கு மிக உகந்தது.

சட்டியில் மண் போடக்கூடாது. தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பல நாள் நீர் மாற்றி ஊறவைத்து, உப்பு போனபின் கரித்துண்டு கலந்து நிரப்ப வேண்டும். ஈரமலையில் மட்டை விரைவில் மக்கிக் கூழாகி வேரை மூச்சுத்திணற வைக்கும். ஆண்டுக்கொரு முறை மாற்றுவது நல்லது. பசளையைப் பொதியில் குறித்த அளவில் நாலிலொரு பங்கு கரைத்தால் போதும்.

ஒவ்வொரு இலைக்கொத்தும் ஒரே முறைதான் பூக்கும். மொட்டு தெரிந்தபின் சட்டியைத் திருப்பினால் பூ ஒளியைத் தேடிக் கோணலாகிவிடும். விரிந்த பூ ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். அது வாடியபின் தண்டை வெட்டிவிடலாம். இலைக்கொத்தை வெட்டக்கூடாது, பக்கக் கன்று அதிலிருந்தே உணவு பெறுகிறது. ஏனைய ஓர்கிட்டுகளைப் போல இவற்றைத் திசு வளர்ப்பில் எளிதாகப் பெருக்க முடிவதில்லை. விதையில் வரும் நாற்றுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். பூக்கவும் பல ஆண்டு பிடிக்கும். ஆகவே பிடித்த பூவை அப்படியே மறுபடி பெற, ஆறு கொத்துகளாவது சேரும்வரை பொறுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று கொத்தும் நல்ல வேரும் இருக்குமாறு பிரித்து நட வேண்டும்.