மேலதிகப்பற்றும் அதன் கூலியும்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை தெற்கே வென்னப்புவை, மாரவிலைப் பக்கத்தில் தொடங்கி, சிலாபம், உடப்பு, முந்தல் எனத் தொடர்ந்து, வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீண்டு கிடக்கின்றது. இக்கரையில் வாழ்வோரின் வருமானம் காற்றைப் பார்த்து வருவது. ஐப்பசி தொடக்கம் சித்திரை வரை கடல் அடங்கியிருக்கும், கரைவலை இழுபடும், வாடிகளிலே கருவாடு காயும். வைகாசியில் சோளகம் எழுந்துவிட்டால் தோணிகள் கரையேறிவிடும். தொழிலாளர் பலர் வலையும் சட்டிபானையுமாக முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் பெயர்ந்து போவதும் நெடுங்கால வழக்கம். ஆனால், செலவு காற்றைப் பார்த்து வருவதில்லை. பனிக்கட்டிக்காரருக்கும், எண்ணெய்க் கடைக்கும், வலைக் கடைக்கும் எழுதிக் கொடுத்த காசோலைகள் தத்தம் திகதியில் வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அத்தகைய நாள் ஒன்றில் கணக்கிலே பணம் போதாதிருந்தால் என்ன நடக்கும்? இரண்டில் ஒன்று நடக்கும். வங்கி காசோலையைப் பணமில்லை என்று திருப்பி அனுப்பும். அல்லது, தன் பணத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வாடிக்கையாளரின் பெயரில் கடனாக எழுதிக்கொள்ளும். இந்த இரண்டாவதற்கே மேலதிகப்பற்று என்று பெயர். அதற்கு வட்டி உண்டு. வட்டிக்கு மேலே கட்டணமும் உண்டு. மாத முடிவில் வரும் வங்கிக் கூற்றில் இந்தக் கட்டணத்தைக் கண்டு திடுக்கிடுவோர் பலர். வங்கிக்குச் சென்று அதைப்பற்றிக் கேட்போர் சிலர். எவ்வாறு கேட்பது என்பதை அறிந்து கேட்போர் மிகச் சிலரே.

மேலதிகப்பற்று புதிதாகத் தோன்றிய சூழ்ச்சி அன்று. 1728ஆம் ஆண்டிலே, எடின்பரோ நகரத்து வணிகர் வில்லியம் ஹொக் என்பவருக்கு, அவர் இட்டுவைத்த பணத்துக்கு மேல் ஆயிரம் பவுண் வரை எடுத்துக்கொள்ள ஸ்கொத்லாந்தின் ரோயல் வங்கி இடமளித்தது. சரக்கு விற்றுக் காசு வருவதற்கு முன்னரே கொடுக்கவேண்டிய கடன்கள் வந்துவிடுவதுதான் அவரது தொல்லை. உடப்புச் சம்மாட்டியின் தொல்லையும் அதுவே. இலங்கையிலோ நெடுங்காலம் இத்தகைய வசதி தோட்டத்துரைமாருக்கும் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கும் கிடைத்ததேயன்றி, உள்ளூர் வணிகருக்கு எளிதிற் கிடைக்கவில்லை. அவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியாரிடமே சென்றனர். 1934ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழு இக்குறையை எடுத்துக் காட்டியது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. 1961இல் மக்கள் வங்கி தொடங்கி, நாட்டின் மூலை முடுக்குகளுக்கும் கிளைகளைக் கொண்டுசென்றது.

கட்டணத்தை எதிர்த்து வாதாட எண்ணுபவர் முதலில் ஒரு சட்ட விடயத்தை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம், வங்கித் தொழில் பற்றிய விடயங்களில் இங்கிலாந்துச் சட்டமே இலங்கையிற் பின்பற்றப்படும் என்று விதித்தது. உள்நாட்டுச் சட்டம் வேறுவிதமாகக் கூறியிருந்தாலன்றி அதுவே வழி. அந்த இங்கிலாந்துச் சட்டத்திலே, 1909ஆம் ஆண்டின் ஒரு வழக்கில் உறுதியான கருத்து இது: கணக்கில் உள்ளதற்கு மேலாக ஒருவர் காசோலை எழுதினால், அது வங்கியிடம் கடன் கேட்பதற்கு ஒப்பாகும், வங்கி அக்காசோலைக்குப் பணம் கொடுத்தால், அவர் கடன் பெற்றவராவார். “நான் கடன் கேட்கவேயில்லை” என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகின்றது. காசோலையே கேட்டுவிட்டது!

ஆகவே, வாதத்தை வேறிடத்தில் நிறுத்தவேண்டும். அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சம்மாட்டியின் நடைமுறைக் கணக்கில் திங்கட்கிழமை காலையில் 42,000 ரூபாய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அன்று மூன்று காசோலைகள் வருகின்றன: வலைக் கடைக்கு 40,000, பனிக்கட்டிக்காரருக்கு 6,000, எண்ணெய்க் கடைக்கு 4,000. மொத்தம் 50,000. குறைவது 8,000. அடுத்த நாளே பேலியகொடை மீன் முதலாளியின் காசோலை தேறிக் கணக்கு நிமிர்ந்துவிடுகின்றது. எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி, ஆண்டுக்கு நூற்றுக்கு 23 வீதமாகப் பார்த்தாலும், ஏறத்தாழ ஐந்து ரூபாய்தான். ஆனால், எல்லை கடந்த ஒவ்வொரு பற்றுக்கும் ஆயிரம் ரூபாய் கட்டணம் என்று வங்கியின் பட்டியலில் இருக்குமாயின் (இந்த ஆயிரம் ஒரு எடுத்துக்காட்டே, வங்கிக்கு வங்கி வேறுபடும்), ஐந்து ரூபாய் வட்டியை யாரும் கவனிக்கமாட்டார்கள். வழக்கு அந்த ஆயிரத்தைப் பற்றியதே.

அது ஓர் ஆயிரமா, ஈராயிரமா? இங்கேதான் நுட்பம் இருக்கின்றது. சிறிய காசோலைகளை முதலில் எழுதினால், 4,000மும் 6,000மும் தடையின்றித் தேறி, 40,000 மட்டுமே எல்லையைக் கடக்கும், கட்டணம் ஒன்று. பெரியதை முதலில் எழுதினால், 40,000 தேறி, மிஞ்சிய 2,000இல் மற்ற இரண்டும் தேறாமல், கட்டணம் இரண்டாகும். கடன் தொகை இரண்டு முறையிலும் அதே எட்டாயிரந்தான். வரிசை மாறியதனால் மட்டும் ஆயிரம் ரூபாய் கூடியது. இது வெறுங்கற்பனை அன்று. அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, வாடிக்கையாளரின் அட்டைவழிப் பற்றுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி எழுதிய முறையைக் கலிபோர்னிய நீதிமன்றம் ஒன்று 2010இல் கண்டித்து, 20 கோடி 30 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டது. மேன்முறையீடுகள் 2016 வரை நீண்டும் அத்தீர்ப்பு நிலைத்தது. எனவே, கட்டணம் ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், பற்றுகள் எந்த வரிசையில் எழுதப்பட்டன என்று கேட்பது வாடிக்கையாளர் முதலிற் செய்யவேண்டியதாகும்.

அடுத்துக் கேட்கவேண்டியது, பணம் செலுத்திய நேரம். இதற்கு 1830ஆம் ஆண்டின் ஓர் இலண்டன் வழக்குச் சுவையான சான்று. மார்செற்றி என்ற வணிகர் முற்பகலில் தம் வங்கியில் 40 பவுண் செலுத்தினார். பிற்பகல் மூன்று மணியளவில் அவர் எழுதிய காசோலை வந்தபோது, காலையிற் செலுத்திய தொகை ஏட்டில் ஏறாதபடியால், பணமில்லை என்று எழுத்தர் திருப்பிவிட்டார். மறுநாள் அதே காசோலைக்குப் பணம் கொடுக்கப்பட்டது. வணிகருக்கு நட்டம் எதுவுமில்லை; ஆயினும், வங்கி தன் கடமையிற் தவறியது என்று நீதிமன்றம் தீர்த்து, பெயரளவிலான நட்டஈடு வழங்கியது. செலுத்திய பணத்தை ஏட்டில் ஏற்ற வங்கிக்கு நியாயமான நேரம் உண்டு. அந்த நேரம் கடந்தபின் அதன் பிழைக்கு வாடிக்கையாளர் பொறுப்பாளியல்லர். கற்பிட்டியில் காலை ஒன்பது மணிக்குக் காசாகச் செலுத்திய ஒருவர், அன்று மாலை எல்லை கடந்ததாகக் கட்டணம் விதிக்கப்பட்டால், முத்திரையிட்ட செலுத்துச் சீட்டை எடுத்துக் காட்டலாம். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துச் சலவைக்குப் போட்டவருக்கு அந்த வழி இல்லை.

காசாகச் செலுத்துவது வேறு, காசோலையாகச் செலுத்துவது வேறு. பிறர் தந்த காசோலை தேறிய பின்னரே அது பணமாகும். முற்காலத்தில் வெளியூர்க் காசோலை தேறப் பல நாட்கள் சென்றன. 2006ஆம் ஆண்டில் காசோலைகளின் படிமங்களை மின்வழியே அனுப்பும் முறை வந்தபின், பொதுவாக அடுத்த வேலைநாளிலேயே தேறுகின்றது. வெள்ளி பிற்பகலில் இட்டது திங்கட்கிழமை தேறியிருக்கும் என்று நம்பி அன்றே காசோலை எழுதுவதுதான் இக்கரையில் அடிக்கடி நேரும் தவறு. வங்கி நேரம் கடந்து இட்டிருந்தால், அது திங்கட்கிழமையே இட்டதாகக் கருதப்படக்கூடும். இவ்வாறு நேர்ந்த கட்டணத்தில் வங்கியின் பிழை இல்லை. சலுகையாக விட்டுத்தருமாறு கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. இரண்டையும் ஒரே கடிதத்திற் கலந்து எழுதுபவர் உரிமையையும் பலவீனப்படுத்திக் கொள்கின்றார்.

இனி, வட்டி. மேலதிகப்பற்றின் வட்டிக்கு இலங்கை மத்திய வங்கி காலத்துக்குக் காலம் வரம்பு கட்டியிருக்கின்றது. முன்னேற்பாட்டுடன் கூடிய தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 2020 ஆகஸ்டில் அவ்வரம்பு ஆண்டுக்கு 16 வீதமாக இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வட்டிகள் பாய்ந்தெழுந்தபோது வரம்பு நீக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, கடலுக்குப் போகமுடியாதிருந்த மாதங்கள் அவை. கடன் பெருகவும் வட்டி உயரவும் ஒன்றாக நேர்ந்தது. பின்னர் 2023 ஆகஸ்டில் 23 வீதம் என்று மீண்டும் வரம்பு வந்தது. அதனுடனேயே, தவணை தவறியதற்கும் எல்லை கடந்ததற்கும் விதிக்கும் தண்ட வட்டி, வழமையான வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 2 வீதப் புள்ளிகளைக் கடக்கலாகாது என்றும், அதுவும் கடந்த தொகைக்கு மட்டுமே உரியது என்றும் விதிக்கப்பட்டது. மேலே கண்ட எட்டாயிரத்துக்கு ஒரு நாளைத் தண்ட வட்டி ஐம்பது சதத்தைக்கூட எட்டாது. இக்கட்டளைகள் மாறுவன, ஆதலால், முறையிடுபவர் இன்றைய வீதத்தை அன்றி, வட்டி விதிக்கப்பட்ட அந்த மாதத்தில் எது நடைமுறையில் இருந்தது என்பதையே வங்கியிடம் கேட்டறிதல் வேண்டும்.

முறையிடும் வழியையும் விதிகள் வகுத்துள்ளன. 2011ஆம் ஆண்டில் மத்திய வங்கி உரிமம் பெற்ற வங்கிகளுக்கென வாடிக்கையாளர் பட்டயம் ஒன்றைப் பணிப்புரையாக வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. கட்டணங்களை முன்கூட்டியே அறிவித்தல், முறைப்பாடுகளைக் கேட்க ஓர் ஒழுங்கு வைத்திருத்தல் ஆகியன வங்கிகளின் கடமையாயின. ஆகவே, கட்டணப் பட்டியலைக் கேட்பது கெஞ்சுதல் அன்று. கணக்குத் திறந்தபோது ஆங்கிலத்தில் அச்சிட்ட நிபந்தனைகளிற் கையெழுத்திட்டவர், அவற்றின் விளக்கத்தைத் தமிழிற் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

முதற் கடிதம் கிளை முகாமையாளருக்கே எழுதப்படுதல் வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, முகாமையாளர் மாற்றலாகிப் போனால் பேச்சும் அவருடனேயே போய்விடும். கணக்கிலக்கம், கட்டணம் விதித்த திகதி, தொகை, அது ஏன் பொருந்தாது என்பதற்கான ஒரே காரணம், திருப்பித் தரவேண்டிய தொகை, இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். கூற்றின் பிரதியையும் செலுத்துச் சீட்டின் பிரதியையும் இணைத்து, மூலங்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, கடிதத்தின் இரண்டாம் பிரதியிற் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குதல் நன்று. கோபத்தைக் கடிதத்தில் எழுதுவதால் பயனில்லை. கிளையில் தீராவிடின் தலைமை அலுவலகம். அங்கும் தீராவிடின், 2003ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கின்றார். வங்கியிடம் முதலில் முறையிட்டுப் பார்த்தவர்களின் வழக்கையே அவர் எடுப்பார், கட்டணம் வாங்குவதில்லை. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களமும் முறைப்பாடுகளை ஏற்கின்றது.

கட்டணம் பிழையில்லாமல், ஆனால் அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால்? இதில் இங்கிலாந்தின் அனுபவம் எச்சரிக்கையாக உள்ளது. அங்கு 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர், முப்பது பவுணுக்கும் மேலாக விதிக்கப்பட்ட கட்டணங்கள் நியாயமற்றவை என்று வழக்கிட்டனர். வங்கிகள் பலருக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தன. இறுதியில் 2009 நவம்பர் 25ஆந் திகதி உயர் நீதிமன்றம், அக்கட்டணங்கள் வங்கிச் சேவையின் விலையின் பகுதியே, விலை தகுமா தகாதா என்பதை அந்த ஒழுங்குவிதிகளின் கீழ் அளக்க முடியாது என்று தீர்த்தது. வழக்கிட்டோர் தோற்றனர். ஆனால், அவர்கள் எழுப்பிய குரல் வீணாகவில்லை. 2020 ஏப்ரலில் அந்நாட்டு நிதி ஒழுங்காற்று நிறுவனம் நிலையான மேலதிகப்பற்றுக் கட்டணங்களையே தடைசெய்து, ஒரே ஆண்டு வட்டி வீதமாக மட்டும் விலை சொல்லவேண்டும் என்று விதித்தது. நீதிமன்றத்தில் முடியாதது ஒழுங்குவிதியால் முடிந்தது. இலங்கையிலும், “கூடுதலாக இருக்கின்றது” என்பதைவிட, “பட்டியலில் இல்லை”, “முன்னறிவிப்பு இல்லை”, “வரம்பைக் கடந்தது”, “இருமுறை விதிக்கப்பட்டது” என்பவையே வலுவான சொற்கள்.

கூற்றைப் படிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டவருக்கு வழி அடைந்துவிட்டதா? ஹொங்கொங் ஆலை ஒன்றின் எழுத்தர் ஏறத்தாழ முந்நூறு காசோலைகளிற் கள்ளக் கையெழுத்திட்ட வழக்கில், கூற்றைச் சோதிக்கவேண்டிய கடமை வாடிக்கையாளருக்குப் பொதுச் சட்டப்படி இல்லை என்று பிரிவி கவுன்சில் 1985இல் கூறியது. ஆனால், ஒப்பந்தத்தில் அக்கடமை தெளிவாக எழுதப்பட்டிருந்தால் நிலை வேறு. இத்தனை நாட்களுக்குள் ஆட்சேபிக்காவிடின் கூற்று சரியெனக் கொள்ளப்படும் என்ற வாசகம் கூற்றின் அடியிற் சிறிய எழுத்தில் இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு, காசோலை திரும்பினாலும் பரவாயில்லை, கட்டணம் வேண்டாம் என்று எவரேனும் எண்ணுவாராயின், அது கடன்கொடுத்தோர் கேட்டு மகிழும் யோசனை அன்று. பணமில்லை என்று அறிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். அதைவிட, திரும்பிய காசோலையின் செய்தி முந்தலிலிருந்து சிலாபம் போய்ச்சேர ஒரு பொழுது போதும். அடுத்த பருவத்துக்கு வலைக்கும் எண்ணெய்க்கும் யார் நம்பித் தருவார்? 1996இல் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளைத் தாக்கியபோது குளம் வற்றியதோடு பலருக்குக் கடன்வாயிலும் அடைந்ததை இக்கரையார் மறந்திருக்கமாட்டார்கள்.

முன்னேற்பாடு செய்த எல்லையே மலிவான வழி. சோளகம் தொடங்குமுன், பங்குனி, சித்திரையில், கணக்கிற் பணம் புழங்கும்போதே முகாமையாளரைக் கண்டு, வைகாசி முதல் புரட்டாதி வரைக்கும் இவ்வளவு தொகை என்று எழுத்தில் எல்லை கேட்டல் வேண்டும். வாடைக் காலத்துக் கூற்றுகளை எடுத்துச் சென்றால், வரவு எப்போது வரும் என்பதை அவரே கண்டுகொள்வார். எல்லைக்கு உட்பட்ட நாட்களில் உரியது வட்டி. எல்லை கடந்த நாளிலேயே மேற்கட்டணம் தலைகாட்டும். ஏற்பாட்டுக் கட்டணம் உண்டா, எல்லை எந்தத் திகதியில் முடிகின்றது என்ற இரண்டையும் அப்போதே கேட்டு, கடிதத்திற் குறித்து வாங்கிக்கொள்ளவேண்டும். புரட்டாதி முடிவில் எல்லை காலாவதியாகி, முதல் வலை கரைசேருமுன் ஒரு காசோலை வந்துவிடுவதுண்டு.