வெப்பமின்றி நிலை மாறும் காந்தங்கள்

பனிக்கட்டி உருக வெப்பம் வேண்டும். ஆனால், வெப்பநிலை தனிச்சுழியான −273.15 பாகை செல்சியஸுக்கே இறங்கினாலும் ஒரு பொருள் நிலை மாறலாம் என்கிறது இயற்பியல். உள்ளிருக்கும் விசைகளின் விகிதம் மாறினால் போதும். இதுவே குவாண்டம் நிலைமாற்றம்.

ஒரே வரிசையில் நிற்கும் அணுக்களைக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் காந்தத்துக்கு எதிர்த்திசையில் நிற்கவே அது விரும்பும்: மேல், கீழ், மேல், கீழ். சிக்கலே இல்லை. ஒன்றுவிட்டு அடுத்த காந்தத்துக்கும் எதிராக நிற்க வேண்டுமென்றால்? முதலாவது மேல், இரண்டாவது கீழ், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும்? எப்படித் திரும்பினாலும் ஒரு விருப்பம் நிறைவேறாது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘விரக்தி’.

ஒன்றுவிட்ட பிணைப்பின் வலிமை, பக்கத்துப் பிணைப்பில் சுமார் 0.241 பங்கைத் தாண்டியதும், வரிசை இரண்டிரண்டாக ஜோடி சேர்கிறது. அதன்பின், அந்த அமைதியைக் குலைக்கக் குறிப்பிட்ட அளவு ஆற்றலாவது தேவை.

இத்தகைய கணக்குகளுக்குப் பெரும்பாலும் கணினிதான் துணை. ஆனால், விகிதம் சரியாகப் பாதியாக இருக்கும்போது துல்லியமான விடை உண்டு. அதை 1969இல் கண்டறிந்தவர்கள் இந்திய இயற்பியலாளர்களான சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும். வரிசையை மும்மூன்று காந்தங்களாகப் பிரித்துப் பார்த்தால், அவர்களின் விடையைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். குவாண்டம் இயற்பியலைத் தொடங்கிய பல்கலைக்கழக மாணவருக்கு அது எட்டாத கணக்கன்று. பென்சிலை எடுங்கள்!