ரேமின் வேகம்: எண்ணைக் கூட்டினால் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

புதிய ரேம் வாங்குகிறோம். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. கணினியில் பொருத்தினால் 2133 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். டிடிஆர்4 ரக ரேம்கள் பலவும் முதலில் பாதுகாப்பான குறைந்த வேகத்தில்தான் ஓடும். பெட்டியில் உள்ள வேகம் வேண்டுமானால், பயாஸ் பக்கத்துக்குச் சென்று எக்ஸ்எம்பி என்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும். அப்போது மின்னழுத்தமும் 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35 வோல்ட்டாக உயரும்.

அதையும் தாண்டிக் கூட்டலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூட்டலாம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. விநாடிக்கு எத்தனை முறை தரவு அனுப்பப்படுகிறது என்பது ஒரு கணக்கு. கேட்ட தரவு வந்து சேர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. இதை சிஎல் என்பார்கள். 3200 வேகத்தில் சிஎல் 16 என்றால் காத்திருப்பு 10 நானோ விநாடி. 3600 வேகத்தில் சிஎல் 18 என்றாலும் அதே 10 நானோ விநாடிதான். நெடுஞ்சாலையில் தடங்கள் கூடின. டோல் சாவடியில் நிற்கும் நேரம் குறையவில்லை.

செயலியின் வேகத்தையும் சேர்த்துக் கூட்டுபவர்கள் ஒரு பழைய பாடத்தை நினைவில் கொள்ள வேண்டும். 2003இல் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 செயலியின் அடிப்படைத் துடிப்பு 200 மெகாஹெர்ட்ஸ். அதை 240 ஆக்கினால் செயலி 2.88 கிகாஹெர்ட்ஸைத் தொடும். உடன் ரேமும் 240க்கு இழுக்கப்படும். எனவே 5:4 என்ற விகிதத்தை வைத்து ரேமை 192இல் நிறுத்திவிட்டு, செயலியை மட்டும் சோதித்தார்கள். கணினி நின்றுபோனால் தவறு எதில் என்று தெரிந்தது. இன்றைய கணினிகளில் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம். ஆனால் விதி மாறவில்லை: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான்.

கணினி திறந்துவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். ரேமில் ஏற்படும் பிழை சத்தமில்லாதது. திரை நீலமாகி நின்றுபோனால் நல்லது, நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடினால், நீங்கள் சேமிக்கும் திருமணப் படமும் பிள்ளையின் பள்ளிக் கட்டுரையும் பிழையோடு பதிவாகலாம். பல மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே முதலில் முக்கியக் கோப்புகளை வேறு வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை முழுமையாக ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். குளிரூட்டிய அறையில் தேறிய ரேம் நம் ஊர் நண்பகல் வெப்பத்தில் தவறலாம், அப்போதும் சோதியுங்கள்.

கணினி திறக்கவே மறுத்தால் பதற வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டித்து, மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால், பெரும்பாலும் பழைய அமைப்பு திரும்பிவிடும். அழிந்த கோப்புகள் அப்படித் திரும்பி வருவதில்லை.