கேசட்டில் 9,999 ஆட்டம்! எண்ணிப் பார்த்தால்...?

"அப்பா! இந்த ஒரே கேசட்டில் 9,999 ஆட்டம் இருக்கிறதாம்!"

1990-களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் பல வீடுகளில் இந்தக் குரல் கேட்டது.

பள்ளிக்கூட லீவு வந்துவிடும். பையனின் நச்சரிப்பு தாங்க முடியாது. அப்பா, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போவார். டெலிவிஷனில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வருவார். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட்.

மாலையில் வீடே டெலிவிஷன் முன் கூடும். மீசைக்கார மரியோ ஓடுவான்; தாவுவான்; காசு சேர்ப்பான். அடுத்து டாங்கிச் சண்டை. அதற்கடுத்து வாத்து சுடுதல். ஒரே கும்மாளம்!

நாலாவது நாள் குட்டு வெளிப்படும்.

முதல் ஆட்டத்தில் மரியோ. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், அங்கேயும் அதே மரியோ! பெயர் மட்டும் வேறு. புறப்படும் இடம் வேறு. அவ்வளவுதான். ஒரே இட்லியைப் பதினைந்து தட்டில் வைத்தால் பதினைந்து பலகாரம் ஆகிவிடுமா?

பெட்டி மேல் குற்றம் இல்லை

அந்தப் பெட்டி ஒரு நகல். ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1983-ம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டிதான் அதற்கு அசல்.

அசல் பெட்டிக்குப் பலவகை ஆட்டங்கள் இருந்தன. 1985-ல் தாவிக் குதிக்கும் 'சூப்பர் மரியோ' வந்தது. 1986-ல், கதை போல நாள் கணக்கில் நீளும் 'டிராகன் குவெஸ்ட்' வந்தது.

ஆனால் மலிவு கேசட்டில் இடம் குறைவு. ஆகவே சின்னச் சின்ன ஆட்டங்களே அதில் ஏறின.

இன்று போதுமா?

சோனி கம்பெனியின் 'பிளே ஸ்டேஷன் 5' இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2021 பிப்ரவரி 2-ந் தேதி. டிஸ்க் போடும் பெட்டியின் அன்றைய விலை ரூ.49,990! பல குடும்பங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆட்டங்களுக்குத் தனியாகப் பணம் வேண்டும்.

ஆட்டமே மூச்சு என்று இருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பெட்டி போதுமா?

கார் பந்தயம், கால்பந்து, கிரிக்கெட், சண்டை, கதை ஆகியவற்றுக்குப் பஞ்சம் இல்லை. படை திரட்டி, யோசித்து ஆடும் ஆட்டங்கள்தான் குறைவு. நூறு சிப்பாய்களை நகர்த்தக் கம்ப்யூட்டரின் மவுஸ் வசதி. கைப்பிடிப் பொத்தான்களில் அது சிரமம்.

இன்னொன்றும் உண்டு. 2013-ல் வந்த 'டோட்டா 2', 2023-ல் வந்த 'கவுன்டர் ஸ்டிரைக் 2' இரண்டும் கம்ப்யூட்டருக்கு என்றே வெளிவந்தவை. பையனின் கூட்டாளிகள் எல்லாரும் இவற்றை ஆடுகிறார்களா? அப்படியானால் ஐம்பதாயிரம் செலவழித்தும் அவன் முகம் வாடித்தான் இருக்கும்!

பாட்டியின் சோழிப் பை

வகை என்றால் என்ன என்பதைப் பாட்டியிடம் கேட்டால் தெரியும்.

பாட்டியிடம் இருப்பது ஒரு பை சோழி. பதினான்கு குழியில் போட்டால் பல்லாங்குழி; அது எண்ணிக்கை ஆட்டம். உருட்டினால் தாயம், அதில் அதிர்ஷ்டமும் வேண்டும். தரையில் கோடு கிழித்து, 3 புலி, 15 ஆடு என்று வைத்தால் ஆடு புலி ஆட்டம். அது முழுக்க மூளை வேலை.

ஆட்டம் மூன்றே மூன்று. ஆனால் மூன்றும் மூன்று வகை!

ஆகவே, கடைக்குப் புறப்படும் முன் பிள்ளையை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். உனக்கு எந்த மாதிரி ஆட்டம் பிடிக்கும்? அது இந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறதா? தங்கச்சியும் கூட உட்கார்ந்து ஆடலாமா?

மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் வாங்கலாம். அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து மட்டும் பணத்தை எடுக்காதீர்கள்!